சரிவில் நிற்கும் அமைதி

மாமல்லபுரத்துக்கு மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் புடைப்புச் சிற்பத்துக்குச் சற்று வடக்கே, வழுவழுப்பான பாறைச் சரிவொன்றின் மீது ஒரு பெருங்கல் நிற்கிறது. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று இன்று அழைக்கப்படும் அதற்கு வான் இறைக் கல் என்று ஒரு பெயரும் உண்டு. ஏறத்தாழ 20 அடி உயரம். 250 டன் எடை. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். சரிவில் சிறுவர்கள் சறுக்கி விளையாடுவார்கள். 1908ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, இது என்றேனும் ஊர் மேல் உருண்டுவிடும் என்று அஞ்சி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தார் என்றும், கல் அசைந்து கொடுக்கவில்லை என்றும் சொல்வார்கள். அந்தக் கல்லைப் பார்த்தவுடன் மாணவன் கேட்பான்: “ஐயா, இது ஏன் உருளவில்லை?”

நானும் பல ஆண்டுகள் பாடநூல் விடையையே சொல்லி வந்தேன். கல்லின் எடை அதைக் கீழே இழுக்கிறது. அடியிலுள்ள உராய்வு பிடித்து நிறுத்துகிறது. பிடிப்பு இழுப்பை விஞ்சி இருக்கும் வரை கல் நிற்கும். இந்த விடையோடு மாணவனும் நிறைவடைந்தான், நானும் நிறைவடைந்தேன்.

2016 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி அந்தப் பழைய கேள்வியை மீண்டும் என் முன் நிறுத்தியது. சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. புதையுண்ட பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் படைப்பிரிவினர். நால்வர் தமிழ்நாட்டவர். நம் ஊர்க் கல் நிற்பதற்குச் சொன்ன அதே விடைதான் அங்கே பனி நின்றதற்கும் விடை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கல்லின் அடிப்பிடிப்பு ஆயிரம் ஆண்டுகளானாலும் பெரிதாக மாறுவதில்லை. பனியின் அடிப்பிடிப்போ, மேலே ஒரு மாற்றமும் தெரியாமல், உள்ளுக்குள் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றையும், அறிந்த பின்னும் நிகழ்ந்தவற்றையும் நினைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியின் அடுக்குகள்

செங்கல்பட்டு மண்ணில் பிறந்தவர்க்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். கதிரவன் எழுந்ததும் அது மறைந்துவிடும். இமயத்தில் பொழிவதற்கும் நம் மொழி அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பனி மறைவதில்லை. ஒரு பொழிவின் மேல் மற்றொரு பொழிவு படிந்து, குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காய் உயரும். காற்று வீசிய நாள், வெயில் காய்ந்த நாள், கடுங்குளிர் நிலவிய இரவு என ஒவ்வொன்றும் அந்த அடுக்குகளில் தன் சுவட்டை விட்டுச் செல்கிறது. குளிர்காலத்தின் வரலாறு அங்கே மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆபத்து பெரும்பாலும் அந்த வரலாற்றின் பழைய பக்கங்களில் ஒளிந்திருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி மெல்லியதாக இருக்கையில் வானம் தெளிந்து கடுங்குளிர் நிலவினால், மேற்பரப்பு மிகக் குளிர்ந்தும் தரையையொட்டிய அடிப்பகுதி அவ்வளவு குளிராமலும் இருக்கும். அடியிலுள்ள ஈரம் ஆவியாகி மேல்நோக்கி நகர்ந்து, வழியில் மீண்டும் உறைந்து, பெரிய படிகங்களாக வளரும். அவை ஒன்றோடொன்று ஒட்டா. கையில் அள்ளினால் வறுத்த ரவையைப் போல் உதிரும். இந்த உதிரி அடுக்கின் மேல் பின்னர் விழும் பனி, காற்றால் இறுகி ஒரே பலகை போல் ஆகிவிடும். மேலே வலுவான பலகை; அடியில் ரவை. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ களங்கமற்ற வெண்மை மட்டுமே.

சரிவு 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்டதாக இருந்தால் இந்த அமைப்பு மிகவும் கொடியது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேர்வதற்கு முன்பே சிறிது சிறிதாகச் சரிந்துவிடும்; சாய்வு குறைந்த இடத்தில் எளிதில் நகராது. இடைப்பட்ட சரிவில் அது நிற்கும்; நின்றுகொண்டே சுமையைச் சேர்க்கும். புதிதாய்ப் பெய்த பனியோ, காற்று அள்ளிக் கொண்டுவந்து கொட்டிய பனியோ, திடீர் வெப்பமோ, ஒரு மனிதனின் காலடியோ அடியிலுள்ள உதிரி அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினால் போதும். நொடிப்பொழுதில் அந்த முறிவு சரிவு முழுவதும் பரவும். இரண்டரை ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் கனமுள்ள இறுகிய பனியின் எடை ஏறத்தாழ 3,000 டன். மாமல்லபுரத்துக் கல்லைப் போன்ற பன்னிரண்டு கற்கள் ஒரே வேளையில் உருள்வதற்கு இது ஒப்பாகும்.

ஓடும்போது நீர்போல் பாயும் பனி, நின்றதும் சுண்ணச் சாந்துபோல் இறுகிவிடும். புதைந்தவர் விரலைக்கூட அசைக்க இயலாது. பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரை மணி கடந்தால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. தம் மூச்சுக் காற்றே தம்மைக் கொல்லும் நிலை அது.

மடத்துத் துறவியரும் மலை ஊராரும்

இந்த ஆபத்தோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை மக்கள். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊரார் 1397ஆம் ஆண்டிலேயே, தங்கள் ஊருக்கு மேலே சரிவில் நின்ற காட்டில் எவரும் மரம் வெட்டக்கூடாது என்று சட்டம் செய்துகொண்டனர். பனி நகரத் தொடங்கும் இடத்தில் மரங்கள் அதை ஊன்றிப் பிடிக்கும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. விறகுக்கு அலைந்த ஏழை ஊர் தன் தலைக்கு மேலிருந்த காட்டைத் தொடாமல் காத்தது சிறிய செய்தி அன்று. இன்று வாழ்வோர் நாளை பிறப்போர்க்காகத் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டனர்.

அதற்கும் முன்னால், 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டராக இருந்த புனித பெர்நார்து, 2,469 மீட்டர் உயரக் கணவாயொன்றில் வழிப்போக்கருக்கென ஒரு மடம் கட்டினார். வணிகரும் போர்வீரரும் உரோமை செல்லும் திருப்பயணியரும் கடந்த வழி அது. அங்கு வாழ்ந்த துறவியர் நீண்ட கோல்களால் பனியைக் குத்திப் பார்த்து வழி தேடினர். புயல் வீசும் நாள்களில் பயணிகளை எதிர்கொண்டு அழைத்துவர நாய்களுடன் இறங்கிச் சென்றனர். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்னும் நாய் நாற்பது உயிர்களைக் காத்ததாகப் புகழ்பெற்றது. படங்களில் அந்நாய்களின் கழுத்தில் தொங்கும் மதுப் பீப்பாய் ஓவியரின் கற்பனை. பனிக்குள் புதைந்த மனிதனை மோப்பத்தால் கண்டறிந்த திறன் கற்பனையன்று.

அந்த மடத்தில் ஒரு தனி அறையும் இருந்தது. பனியில் இறந்து, இன்னாரென்று அறியப்படாத உடல்கள் அங்கே வைக்கப்பட்டன. பாறை நிலத்தில் குழி தோண்ட வழியில்லை. குளிர் உடல்களை அழியவிடாது. என்றேனும் தேடிவரும் உறவினர் அடையாளம் காணட்டும் என்று அவை காத்துவைக்கப்பட்டன. உயிருள்ளவரை மீட்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. இறந்தவரும் யாரோ ஒருவரின் பிள்ளை என்பதைத் துறவியர் மறக்கவில்லை. மலை ஏறுவதில் வல்லவராக இருந்து, 1889இல் மோந்தே ரோசா சிகரத்தை எட்டிய அக்கில்லே ரத்தி என்னும் குரு, பின்னாளில் பதினோராம் பத்திநாதர் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். அவரே 1923இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

துறவியரும் ஊராரும் பட்டறிவால் அறிந்ததை அறிவியலாக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. யோஹான் கோவாஸ் என்னும் சுவிஸ் வன அதிகாரி தம் நாட்டுப் பனிச்சரிவுகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1881இல் நூலாக்கினார். 1930களில் தாவோஸ் நகருக்கு மேலே சிகரத்தையொட்டிய சிறு கூடமொன்றில் ஆய்வாளர் தங்கிப் பனியின் படிகங்களை ஆராயலாயினர். அன்று உருவான வழக்கமே இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. கிணறு வெட்டுவோர் மண்ணடுக்கைப் பார்ப்பதுபோல், பனியில் தரை வரை குழி தோண்டி, அடுக்கு அடுக்காகத் தொட்டுப் பார்க்கிறார்கள். முட்டி எளிதில் நுழைந்தால் மென்மையான அடுக்கு. பின்னர் நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் கூடிக்கொண்டே போகும். இறுகிய அடுக்குக்குக் கீழே மென்மையான அடுக்கு இருக்குமானால், அந்தச் சரிவை நம்பக்கூடாது.

எச்சரித்த ஒரு மனிதர்

ஆனால் அறிவு இருப்பது வேறு; அது செவியேறுவது வேறு. முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியப் படையினர் மார்மொலாதா மலையில் மரக் குடியிருப்புகளை அமைத்திருந்தனர். எதிரியின் பீரங்கிக் குண்டுகள் எட்டாத இடம் என்று தேர்ந்து அமைக்கப்பட்டது அது. அதே இடம் பனிச்சரிவின் பாதையிலும் இருந்தது. 1916ஆம் ஆண்டுக் குளிர்காலத் தொடக்கத்தில் பனி மிகுதியாகப் பெய்தது. அங்கிருந்த பிரிவின் தலைவர் கேப்டன் ருடால்ஃப் ஷ்மித், முகாமை இடம் மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். இசைவு கிடைக்கவில்லை. டிசம்பர் 13 அதிகாலையில் மலை இறங்கியது. ஏறத்தாழ 270 பேர் உறக்கத்திலேயே மடிந்தனர். எழுதியவர் மலையில் இருந்தார். முடிவு செய்தவர் அங்கே இல்லை. பனிச்சரிவின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நாம் காணும் காட்சி இதுவே.

நம் நாட்டில்

எல்லைச் சாலைகளும் படை முகாம்களும் இமயத்தில் பெருகியபோது, இந்தியாவும் இக்கல்வியைக் கற்கவேண்டியதாயிற்று. 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. உயரமான இடங்களில் அளவீட்டு நிலையங்களை அமைத்து, பனியடுக்குகளைக் குழி தோண்டிப் பார்த்து, படையினர்க்கும் மலை ஊர்களுக்கும் எச்சரிக்கை வழங்கும் பணியை அது மேற்கொண்டது. 2020இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்பு புவித்தகவல் ஆய்வு நிறுவனமாக அது இன்று இயங்குகிறது.

1984ஆம் ஆண்டு மாமல்லபுரத்துச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று இந்தியப் படையினர் சியாச்சினை ஒட்டிய சால்தோரோ மலைமுகட்டில் ஏறி நிலைகொண்டனர். அன்று முதல் அங்கே துப்பாக்கியால் இறந்தவரைவிடக் குளிராலும் உயரத்தாலும் பனியாலும் இறந்தவரே மிகுதி. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன, பனி ஓயவில்லை. எல்லைக்கு அப்பால் கயாரி என்னுமிடத்தில் நெடுநாளாகப் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட பாகிஸ்தான் முகாம் ஒன்றை 2012 ஏப்ரல் 7 அன்று பனிச்சரிவு மூடியது. இறந்தோர் 140 பேர். நெடுங்காலம் ஒன்றும் நிகழவில்லை என்பதே அங்கே நம்பிக்கைக்கு ஆதாரமாயிருந்தது.

நம் கடற்கரைக்கும் அந்த மலைக்கும் தொலைவு மிகுதி எனத் தோன்றலாம். பல்லவச் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டில் இமயத்தை இக்கடற்கரைப் பாறையில் செதுக்கினார்கள். கங்கை இறங்கும் பிளவையும், தவம் செய்யும் முனிவரையும், மலைவாழ் உயிர்களையும் அதில் காண்கிறோம், பனியைக் காணோம். நாம் இமயத்தை அழகாகவும் புனிதமாகவும் அறிந்திருக்கிறோம். அதன் எடையை அறியோம். ஆனால் இன்று இங்கிருந்து அங்கே செல்லும் பாதை மிகக் குறுகியது. செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலையில், தோமையார் திருத்தலத்துக்கு அருகில், 1963 முதல் படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கூடம் இயங்கி வருகிறது. அங்கே பயிற்சி முடித்து வெளியேறுவோர் சென்று நிற்கும் இடங்களில் அந்தப் பனிமுகடுகளும் அடங்கும்.

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல்நிலை புதைந்தபோது, மீட்புப் படையினர் இரவும் பகலும் இறுகிய பனியை வெட்டினர். டாட், மிஷா என்னும் மோப்ப நாய்கள் உதவின. பெர்நார்து மடத்து மரபு இமயத்தில் தொடர்ந்தது. ஆறாம் நாள், 25 அடிக்கும் கீழே, கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். நாடே மூச்சடக்கிக் காத்திருந்தது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் மசூதிகளிலும் மன்றாட்டு எழுந்தது. பிப்ரவரி 11 அன்று தில்லி இராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டத்துக் குமார், மதுரை மாவட்டத்துக் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து இராமமூர்த்தி ஆகியோரின் உடல்கள் தத்தம் ஊர்களுக்கு வந்தன. மண்ணையும் வெயிலையும் அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பனி இன்னதென்று அவ்வூர்கள் அறிந்தது அந்தப் பெட்டிகள் வந்து இறங்கிய நாளில்தான்.

அலையும் பனியும்

அமைதியை நம்பி ஏமாறுவது எத்தகையது என்று இக்கரையினர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. அதுவரை கண்டிராத பாறைகள் வெளிப்பட்டன. அடுத்து ஆழிப்பேரலை வந்தது. கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்று சொல்லித்தர அன்று நமக்கு எவரும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பும் இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் எழுந்தது 2007இல்தான். அந்தத் துயரின் ஈரம் காய்வதற்குள், இரண்டே மாதத்தில், காஷ்மீரின் வால்தெங்கு நார் என்னும் மலை ஊரைப் பனிச்சரிவு மூடி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நாம் நம் இறந்தோரை எண்ணிக்கொண்டிருந்தோம். அவர்களும் எண்ணத் தொடங்கினார்கள்.

2025 பிப்ரவரி 28 அன்று, பத்ரிநாத்துக்கு அருகே, கங்கையின் கிளையாகிய அலக்நந்தா இறங்கிவரும் மானா ஊரையொட்டி, எல்லைச் சாலைப் பணியாளர் 54 பேர் தங்கியிருந்த முகாமைப் பனிச்சரிவு தாக்கியது. இரும்புக் கொட்டகைகளில் அகப்பட்டவர்கள் உள்ளிருந்த காற்றால் பிழைத்தனர். 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் இறந்தனர். தொலைவூர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அம்மாவட்டத்தின் உயரமான பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முதல் நாள் மாலையே வெளியிடப்பட்டிருந்தது.

1916க்கும் 2025க்கும் இடையே மனித அறிவு நெடுந்தூரம் நடந்திருக்கிறது. அன்று ஒரு கேப்டனின் உள்ளுணர்வாக இருந்தது, இன்று கருவிகளும் கணிப்பும் கொண்ட அறிவிப்பாகியிருக்கிறது. ஆயினும் அறிவிப்புக்கும், சரிவின் கீழே உறங்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தொலைவு இன்னும் முழுதும் கடக்கப்படவில்லை. அந்த மனிதன் பெரும்பாலும் தானாக அங்கே சென்றவனல்லன். வேறொருவரின் ஆணையாலோ தன் வறுமையாலோ அனுப்பப்பட்டவன். பெர்நார்து மடத்தார் எச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டு அடுப்பங்கரையில் அமரவில்லை. கோலும் நாயுமாகப் பனிக்குள் இறங்கி, வருபவனை வழியிலேயே எதிர்கொண்டார்கள். எச்சரிக்கை நிறைவு பெறுவது அப்போதுதான்.

இப்போது எந்த மாணவனாவது வான் இறைக் கல்லின் கீழே நின்று அந்தக் கேள்வியைக் கேட்டால், உராய்வைப் பற்றிச் சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. “அடியில் பிடிப்பு இருக்கிறது என்று பலர் ஆராய்ந்து பார்த்த பிறகுதான், தம்பி, உன்னை இங்கே விளையாட விட்டிருக்கிறோம்” என்கிறேன். “அப்படிப் பார்க்காத சரிவின் கீழ் யாரையும் நிற்கவைக்காதே. நீ பெரியவனாகி, பிறரை அனுப்பும் இடத்தில் இருந்தால், முதலில் குழி தோண்டிப் பார்த்தவனைக் கூப்பிட்டுக் கேள்.”